கொலை வேண்டாம், கோப்பு போதும்: அரசியல் தொடர் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

'தலைமைச் செயலகம்' தொடரை உருவாக்கிய குழுவினருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் தமிழில் அடுத்த அரசியல் தொடரை எழுத உட்கார்ந்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாடு 2024 ஏப்ரல் 19 அன்று வாக்களித்துவிட்டு, முடிவுக்காக ஜூன் 4 வரை 46 நாள் காத்துக் கிடந்தது. வாக்குப்பதிவு இயந்திரங்கள் பூட்டிய அறைகளுக்குள் காவலோடு உறங்கிக்கொண்டிருந்தன; டீக்கடைப் பெஞ்சில் தொகுதி தொகுதியாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களும் ஒரு கட்டத்துக்கு மேல் சலித்துப்போய் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த இடைவெளியில், மே 17 அன்று, உங்கள் தொடர் ஜீ5இல் வந்து இறங்கியது. வசந்தபாலன் இயக்கம், ராதிகாவின் ராடான் தயாரிப்பு, எட்டே பகுதிகள் என்று கேள்விப்பட்டு, பேரன் உதவியுடன் அதை வரவேற்பறைத் தொலைக்காட்சிப் பெட்டியில் போட்டு, இரண்டு இரவுகளில் பார்த்து முடித்தேன். மாலை ஏழு மணிக்குமேல் குடும்பத் தொடர்களைத் தவிர வேறெதற்கும் அந்தப் பெட்டியை விட்டுக்கொடுக்காத என் மனைவி, மூன்றாம் பகுதியிலேயே அடுப்பைச் சிறுதீயில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொற்றவையாக வரும் ஸ்ரேயா ரெட்டியைச் சுட்டிக்காட்டி, "இந்தம்மா யார் பக்கம்னு கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க போலிருக்கே" என்றார். ஒரு அரசியல் தொடருக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை என்னால் எழுத முடியாது என்றாலும், சொல்ல வேண்டியவை சில இருப்பதால் இந்த மடல்.

நான் சினிமாக்காரனும் அல்லன், பத்திரிகைக்காரனும் அல்லன். 1981இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 2015இல் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றது வரை, 34 ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு நகர்த்தியவன். எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. அமைச்சர்களை நெருங்கிப் பார்த்ததில்லை. ஆனால் ஓர் அமைச்சர் மாறினால் மேசை மேல் இருக்கும் காகிதங்கள் எப்படித் திசை மாறும் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான் உங்கள் தொடரையும் பார்த்தேன். என் பாராட்டும் குறையும் அந்த நாற்காலியிலிருந்து வருபவை என்று கொள்ளுங்கள்.

முதலில் பாராட்டு. ஒரு முதலமைச்சர், அவர் மேல் ஊழல் வழக்கு, தீர்ப்பு வரப்போகிறது, வந்தால் நாற்காலி யாருக்கு என்று மகளும், உடனிருந்து யோசனை சொல்லும் பெண்ணும், கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு கணக்கோடு காத்திருக்கிறார்கள். இந்த ஒரு காத்திருப்பின் மேல் எட்டுப் பகுதிகளை நிறுத்த முடியும் என்று நம்பினீர்களே, அதற்குத்தான் என் முதல் வணக்கம். அருணாசலமாக வரும் கிஷோர் குரலை உயர்த்தாமலே அதிகாரத்தைக் காட்டுகிறார். நம் திரையில் முதலமைச்சர் என்றால் ஒன்று மேசையைத் தட்டுவார், இல்லையென்றால் கண்ணீர் விடுவார்; இவர் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதிகாரத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். கத்துவதெல்லாம் அவர்களுக்கு இரண்டு படி கீழே இருப்பவர்களின் வேலை. அமுதவல்லியாக வரும் ரம்யா நம்பீசன், தகப்பனுக்கு என்ன ஆகுமோ என்ற கவலையையும், அடுத்து தான்தானே என்ற எண்ணத்தையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு நடமாடுவதைப் பார்த்தபோது, இப்படி ஒரு பாத்திரத்துக்குத் தமிழ்த் தொடர்களில் இத்தனை நாள் இடம் இல்லாமல் போயிற்றே என்று இருந்தது.

இந்தக் காத்திருப்பு தமிழ்ப் பார்வையாளருக்கு ஏன் இவ்வளவு கூர்மையாகத் தைக்கிறது என்பதை நீங்களும் அறிவீர்கள். 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. பெங்களூரு பரப்பன அக்ரகாரத்தில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தீர்ப்பு வாசித்த அந்த நாளில், காலையிலிருந்து மாலை வரை இந்த மாநிலமே தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குற்றவாளி என்ற சொல் முதலில் வந்தது. நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் பிறகு வந்தன. எங்கள் தெருவில் மளிகைக்கடை ஷட்டர் பாதி இறங்கி நின்றதும், உள்ளே விளக்கைப் போடாமல் கடைக்காரர் கைப்பேசியில் செய்தி பார்த்ததும் இன்னும் கண்ணில் இருக்கின்றன. அந்த நாளின் பதற்றத்துக்குக் காரணம் தீர்ப்பு மட்டுமன்று. அதற்கு ஓராண்டுக்கு முன் வந்த இன்னொரு தீர்ப்பு. அதுவரை பதவியில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் தண்டனை பெற்றால், மேல்முறையீடு செய்ய அவருக்கு மூன்று மாத அவகாசம் இருந்தது. மேல்முறையீடு செய்துவிட்டால் அது முடியும் வரை பதவியும் இருந்தது. லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. அதன் பின் தீர்ப்பு வாசிக்கப்படும் நொடியிலேயே பதவி போய்விடும். நீதிமன்ற வாசலில் முதலமைச்சராக இறங்குபவர், திரும்பும்போது முதலமைச்சராக இருக்க மாட்டார்.

எந்தக் கதாசிரியர் யோசித்தாலும் இதைவிட இறுக்கமான முடிச்சு கிடைக்காது. அந்த முடிச்சைப் போட்டது வில்லன் அல்லன், அந்தப் பாதுகாப்பைத் தந்துவந்த, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) என்ற ஓர் உட்பிரிவு நீக்கப்பட்டதுதான். 2001இல் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றையும் நாம் பார்த்தோம். வேட்புமனு தள்ளுபடியான அதே ஜெயலலிதா, சட்டமன்ற உறுப்பினர் அல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற வழியில் மே 14 அன்று முதலமைச்சரானார்; போட்டியிடவே தகுதியற்றவருக்கு அந்த ஆறு மாத வழி திறக்காது என்று செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்னார்கள்; அன்றே வேறொருவர் பதவியேற்றார். கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை. ஆனால் அன்று மாலை அலுவலகத்தில் யாரும் ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குக் கிளம்பவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் தொடர் இந்த வகை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்களில் எல்லாம் மூச்சுவிட விடாமல் நகர்கிறது. ஜார்க்கண்டில் தொடங்கும் பழைய குற்றம், அதன் பின்னே அலையும் சிபிஐ அதிகாரி, சென்னையில் கொலை, அதைத் துப்பறியும் காவல் அதிகாரி என்று வேறு பாதையில் போகும்போது, நன்றாக எடுக்கப்பட்டிருந்தாலும், கோட்டையிலிருந்து என்னை வெளியே அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. பார்க்காதவர்களுக்காக முடிவைச் சொல்ல மாட்டேன். இரண்டு பாதைகளும் எங்கே சேர்கின்றன என்பதில் உங்கள் உழைப்பு தெரிகிறது என்பதையும் மறுக்க மாட்டேன். பரத்தும் ஆதித்யா மேனனும் குறை வைக்கவில்லை. ஆனாலும் எனக்கொரு சந்தேகம். அரசியலை மட்டும் வைத்தால் பார்வையாளர் எழுந்து போய்விடுவார், இடையிடையே பிணம் ஒன்று விழுந்தால்தான் உட்கார்ந்திருப்பார் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் தமிழ்நாட்டின் டீக்கடையில் பத்து நிமிடம் நின்றவர் அல்லர். பெரும்பான்மைக்கு எத்தனை பேர் வேண்டும், கட்சித் தாவல் தடைச் சட்டம் எப்போது பாயும், பேரவைத் தலைவருக்கு என்ன அதிகாரம் என்பதையெல்லாம் பள்ளிக்கூடம் போகாதவரும் அங்கே விரல்விட்டு எண்ணிச் சொல்வார்.

அந்த எண்ணிக்கைக்குள் எத்தனை தொடர்கள் உறங்குகின்றன என்று பாருங்கள். 1952இல், முதல் பொதுத் தேர்தலில், அன்றைய மதராஸ் மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் வென்றவை 152. எதிர்த்தரப்பு த. பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடி நிற்கிறது. தேர்தலிலேயே நிற்காத, எழுபதைக் கடந்த ராஜாஜியைச் சமாதானப்படுத்தி அழைத்து வருகிறார்கள், ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமிக்கிறார், அவர் முதலமைச்சராகிறார். அதன் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம்: 152ஐப் பெரும்பான்மையாக்க வேண்டும். வன்னியர் வாக்குகளில் வளர்ந்த இரண்டு சிறு கட்சிகளில், மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரவைக்குள்ளேயே வருகிறார். ராமசாமிப் படையாட்சியாரின் கட்சி வெளியிலிருந்து ஆதரவு தருகிறது. அந்தச் சில வாரங்களில் யார் யார் வீட்டுக்கு யார் யார் போனார்கள், என்ன பேசினார்கள், எது எழுதப்பட்டது, எது எழுதப்படவில்லை என்று யோசித்தால் எட்டுப் பகுதிகள் போதாது. வேட்டி, அங்கவஸ்திரம், கூஜா, ஒரு கறுப்புக் கார். செலவும் அதிகம் ஆகாது.

1988ஐ நான் நேரிலேயே வாழ்ந்து கடந்தேன். முந்தைய டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தார். நெடுஞ்செழியன் இடைக்கால முதல்வர். ஜனவரி 7 அன்று ஜானகி அம்மையார் பதவியேற்றார். கட்சி இரண்டாகிக் கிடந்தது. ஜனவரி 28, வியாழக்கிழமை, நம்பிக்கை வாக்கெடுப்பு. எங்கள் அலுவலகத்தில் வருகைப்பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது; கிரிக்கெட்டுக்கு மட்டும் ஒலிக்கும் அதைச் சுற்றி அன்று கண்காணிப்பாளர் உட்பட எல்லோரும் நின்றோம். அவைக்குள் அடிதடி, காவலர்கள் உள்ளே நுழைந்து தடியடி என்று செய்தி துண்டு துண்டாக வந்தது. பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் அரசு வென்றது என்று அறிவித்தார். இரண்டே நாளில், 30ஆம் தேதி, ஆட்சி கலைக்கப்பட்டது. வென்ற அரசு ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு எங்கள் அறையில் ஆளுக்கொரு பதில் இருந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு ஒரு தரப்பு சேவலோடும் மறுதரப்பு இரட்டைப் புறாவோடும் நின்றது என்பதைக் கேட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகள் நான் கதை விடுகிறேன் என்கிறார்கள். ஒரு சின்னத்தை முடக்குவது என்றால் தேர்தல் ஆணையத்தின் மேசையில் என்னென்ன நடக்க வேண்டும், எத்தனை பிரமாணப் பத்திரங்கள் வந்து குவிய வேண்டும் என்பதை யாராவது ஒருமுறை திரையில் காட்டினால், அவர்களும் நம்பிவிடுவார்கள்.

2017 பிப்ரவரியை நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் அதை நாடகமாகப் பார்த்தால் அதன் கட்டமைப்பு வியப்பூட்டும். 5ஆம் தேதி முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் ராஜினாமா. 7ஆம் தேதி இரவு, மெரினாவில், அதே மனிதர் ஜெயலலிதா நினைவிடத்தின் முன் சுமார் 40 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். நேரலையில் இந்த மாநிலமே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்த இயக்குநரும் 40 நிமிட மௌனத்துக்குத் துணிய மாட்டார். துணிந்தாலும் தயாரிப்பாளர் விடமாட்டார். ஆனால் அன்று யாரும் அலைவரிசையை மாற்றவில்லை. உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியில். மகாராஷ்டிர ஆளுநராக இருந்துகொண்டே தமிழ்நாட்டையும் கூடுதலாகக் கவனித்துவந்த வித்யாசாகர் ராவ், மும்பையிலிருந்து எப்போது வருவார் என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். 14ஆம் தேதி, முதல்வராகக் காத்திருந்த சசிகலாவைச் சிறைக்கு அனுப்பும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஆட்டத்தையே மாற்றுகிறது. 16இல் எடப்பாடி பழனிசாமி பதவியேற்பு. 18ஆம் தேதி, ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கை மறுக்கப்பட்டு, அமளியில் எதிர்க்கட்சியினர் வெளியேற்றப்பட்டு, எழுந்து நிற்கவைத்து எண்ணி, 122க்கு 11 என்று முடிகிறது. நம்பிக்கை வாக்கெடுப்பை ராஜ்பவன் வரவேற்பறையில் நடத்த முடியாது, அவைக்குள்தான் நடத்த வேண்டும் என்று எஸ்.ஆர். பொம்மை வழக்கில் 1994இல் ஒன்பது நீதிபதிகள் வகுத்த வழிதான் அந்த 18ஆம் தேதியின் வாசல். அது தெரியாமல் அந்தக் காட்சியை எழுதினால், ஆட்களின் முகம் இருக்கும். அவர்கள் ஏன் அந்த அறைக்குள் வந்து நிற்கிறார்கள் என்பது இருக்காது.

சட்டப்பிரிவுகளைப் பாத்திரங்கள் ஒப்பிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒப்பித்தால் நானே எழுந்து போய்விடுவேன். விதி என்பது பாத்திரத்தின் கழுத்தில் கிடக்கும் கயிறாக இருக்க வேண்டும். அவர் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். திரும்பும்போதெல்லாம் அது இறுகினால் போதும்.

இதற்கு என் சொந்த அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். அரசு அலுவலகத்தில் மிகவும் அபாயகரமான சொல் எது என்று கேட்டால், வெளியாட்கள் 'இடைநீக்கம்' என்பார்கள். எங்களுக்குத் தெரிந்த சொல் 'பேசவும்'. கீழிருந்து ஒரு கோப்பு குறிப்போடு மேலே போகும். மேலதிகாரிக்கு அந்தக் குறிப்பு பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கவில்லை என்று எழுத்தில் சொல்ல விருப்பமில்லை என்றால், பக்கத்தின் ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரே சொல் எழுதி, சின்னக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார். எழுதியவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போக வேண்டும். கதவு சாத்தப்படும். உள்ளே என்ன சொல்லப்பட்டது என்பதற்குக் காகிதத்தில் சாட்சி இல்லை. வெளியே வந்தவர், முதலில் எழுதியதற்கு நேர் எதிரான குறிப்பை, தன் கையெழுத்தில், தன் யோசனையைப் போலவே எழுத வேண்டும். நாளை ஒரு விசாரணை வந்தால், மாட்டுபவர் அவர்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருந்த மூத்த உதவியாளர் ஒருவர் எனக்கு ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார். அப்படித் திரும்பி வந்து எழுதும் குறிப்பை, "தங்களுடன் விவாதித்தபடி" என்ற சொற்களோடு தொடங்க வேண்டும். கீழே கையொப்பத்தோடு தேதியும் போட வேண்டும். அவ்வளவுதான். மூடிய கதவுக்குள் நடந்தது காகிதத்துக்கு வந்துவிட்டது. அதை அடித்துவிட்டு வேறு எழுது என்று சொன்னால், பக்க எண் போட்ட குறிப்பில் அடித்தது தெரியும். பக்கத்தையே மாற்று என்றால், எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். ஒருமுறை நான் அப்படி எழுதியனுப்பிய கோப்பு பதினோரு நாள் மேலேயே கிடந்தது. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தபோது, என் குறிப்புக்குக் கீழே, "பழைய குறிப்பின்படியே செய்க" என்று இருந்தது. அந்தப் பதினோரு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை. கோப்பில் இருந்தது பெரிய விவகாரம் ஒன்றுமில்லை, ஒரு சாதாரண ஒப்பந்தப்புள்ளி. அதற்கே இந்தப் பாடு என்றால், கோட்டையின் மாடிகளில் ஏறி இறங்கும் கோப்புகளின் கதையை நினைத்துப் பாருங்கள். 'பேசவும்' என்ற சொல்லுக்கும் 'விவாதித்தபடி' என்ற சொல்லுக்கும் நடக்கும் அந்தச் சண்டையை ஒருவர் ஒழுங்காகப் படம்பிடித்தால், கடற்கரைச் சாலையில் கார் துரத்தும் காட்சி தேவைப்படாது.

உங்கள் தொடருக்குத் 'தலைமைச் செயலகம்' என்று பெயர் வைத்ததைப் பார்த்ததும் இதைத்தான் எதிர்பார்த்தேன். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கட்டடமே இருக்கிறது, அதில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள். டவாலி அணிந்து அமைச்சர் அறை வாசலில் நிற்பவருக்குத் தெரியாத அரசியல் இல்லை. உள்ளே போகும் ஆளின் நடையும் வெளியே வரும்போது அதே ஆளின் நடையும் போதும் அவருக்கு. நேர்முக உதவியாளர், யாருடைய தொலைபேசியை உடனே இணைப்பது, யாரை 'ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்' என்று காக்கவைப்பது என்பதிலேயே ஒரு மாவட்டத்தின் எதிர்காலத்தை நிர்ணயித்துவிடுவார். ஓட்டுநருக்கு இரவுப் பயணங்கள் தெரியும். பெயர்ப்பலகை எழுதுபவர் ஒருவர் இருக்கிறார். இலாகா மாற்றம் வந்தால் பழைய பலகையின் திருகாணியைக் கழற்றுவது அவர் வேலை. இவர்களெல்லாம் உங்கள் கதையின் ஓரத்தில் காபித் தட்டோடு வந்து போகாமல், ஒரே ஒரு பகுதியிலாவது நடுவே வந்து நிற்க வேண்டும் என்பது என் ஆசை. அந்தக் கட்டடத்துக்கே கூட ஒரு கதை உண்டு: ஓமந்தூரார் தோட்டத்தில் 2010இல் புதிய தலைமைச் செயலக வளாகம் திறக்கப்பட்டது, ஆட்சி மாறியதும் கோப்புகள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டுப் பழைய கோட்டைக்கே திரும்பின, 2014இலிருந்து அது மருத்துவமனை. சட்டமன்றம் நடந்த வளாகத்தில் இன்று நோயாளிகள் சீட்டெடுத்துக் காத்திருக்கிறார்கள். இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று உங்கள் கதைக்குழுவே வெட்டியிருக்கும்.

தொலைக்காட்சி நிறுவனங்களுக்கும் இந்த மடலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தொடர் ஓடிடிக்குப் போனதற்கு அவர்களும் காரணம் என்று நினைக்கிறேன். கட்சிக்கொரு தொலைக்காட்சி வைத்திருந்த மாநிலம் இது. கதை வசனம் எழுதியவர்களும் நடித்தவர்களும் முதலமைச்சர்களான மாநிலம் இது. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜானகி அம்மையார், ஜெயலலிதா என்று வரிசையாக ஐந்து பேர். இப்படி ஒரு பட்டியல் வேறு எங்கே இருக்கிறது? இருந்தும், இரவு எட்டு மணித் தொடரில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் வந்தால், ஒன்று அவர் கதாநாயகியின் நிலத்தை அபகரிக்க வருகிறார், இல்லையென்றால் கதாநாயகனின் தங்கையைக் கடத்த வருகிறார். அவருக்குத் தொகுதி கிடையாது, கட்சி கிடையாது, கொறடா கிடையாது. எட்டு மணிக்கு அரசியலே இல்லாத தொடர். ஒன்பது மணிக்கு அரசியலைத் தவிர வேறெதுவும் இல்லாத விவாதம். இரண்டுக்கும் நடுவே, அரசியலைக் கதையாகச் சொல்லும் ஓர் அரை மணி நேரம் நமக்கு வாய்க்கவில்லை. உரிமையாளருக்குக் கட்சி இருந்தால் எழுத்தாளருக்குக் கை நடுங்கும் என்பது புரிகிறது. ஆனால் வாரம் ஒருமுறை, எந்தக் கட்சியையும் சாராத ஒரு கற்பனை அமைச்சரவையை வைத்து எழுதினால், எல்லாக் கட்சிக்காரர்களும் அது பக்கத்துக் கட்சியைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டு ரசிப்பார்கள். எனக்குத் தெரிந்த வரை அவர்கள் சுபாவம் அதுதான்.

இதோடு சேர்ந்த ஒரு வேண்டுகோளும் உண்டு. நிஜத் தலைவர்களின் சாயலை முகத்திலும் உடையிலும் ஏற்றும் பழக்கம் நம் அரசியல் கதைகளில் ஊறிப்போயிருக்கிறது. கண்ணாடியும் துண்டும் தெரிந்த உடனே பார்வையாளர், 'இவர் அவர்தானே' என்ற விளையாட்டில் இறங்கிவிடுகிறார். பிறகு கதையைப் பார்ப்பதில்லை, ஒப்புமையைப் பார்க்கிறார். அருணாசலம் யாருடைய நகலாகவும் எனக்குத் தோன்றவில்லை. அதனாலேயே அவர் மேல் எனக்கு உண்மையான கவலை வந்தது. அந்தச் சுதந்திரத்தை விட்டுவிடாதீர்கள். ஆளைக் கற்பனையாக வையுங்கள்; அலுவலகத்தை நிஜமாக வையுங்கள். இப்போது நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: ஆள் நிஜத்தின் சாயல், அலுவலகம் முழுக்கக் கற்பனை. நீதிபதி மரச் சுத்தியலால் தட்டுகிறார், தலைமைச் செயலாளர் முதலமைச்சர் வீட்டுச் சமையலறை வரை வந்து நிற்கிறார், ஆளுநர் பத்து விநாடியில் முடிவெடுக்கிறார். எந்த ஆளுநரும் பத்து விநாடியில் முடிவெடுத்து நான் பார்த்ததில்லை. ஆளுநரின் தாமதம்தானே நம் அரசியலின் பாதி சஸ்பென்ஸ்.

அடுத்த பருவம் எழுதுகிறீர்களா என்பது எனக்குத் தெரியாது. எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதினால், ஒரு முழுப் பகுதியை அவைக்குள்ளேயே வையுங்கள். காலையில் மணி ஒலித்து, பேரவைத் தலைவர் வந்து, திருக்குறள் வாசித்துத் தொடங்குவதிலிருந்து, தலைகளை எண்ணி முடிப்பது வரை. வெளியே எங்கும் போக வேண்டாம், ஃபிளாஷ்பேக் வேண்டாம், பின்னணி இசையும் குறைவாகவே போதும். 234 இருக்கைகளில் யார் எழுவார், யார் உட்கார்ந்தே இருப்பார் என்பது தவிர வேறு கேள்வியே இல்லாமல், ஐம்பது நிமிடம். எழுந்து நிற்கும் ஒருவரின் கால் நடுங்குவதை அருகில் போய்க் காட்டுங்கள். முந்தைய பகுதிகளில் அவருக்கு யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பது எங்களுக்கு ஞாபகம் இருக்கும். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டே வந்து உட்காருவார் என்பதற்கு நான் உத்தரவாதம்.

கோப்பு வரும் காட்சிகளுக்கு ஆள் தேவைப்பட்டால் என்னை அழைக்கலாம். குறிப்பை எந்தப் பக்கத்தில் தொடங்குவது, கையொப்பம் எங்கே வரும், நாடாவை எப்படிக் கட்டினால் அவசரத்தில் அவிழாது என்பதையெல்லாம் சொல்லித் தருகிறேன். சம்பளம் வேண்டாம். சர்க்கரை போடாத ஒரு டீ போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர்,
சென்னை